தரங்கம்பாடி பங்களா ஆன் த பீச்: ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்த கதை

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்ல வெச்சிருந்தோம். அங்கயே தங்க லாட்ஜ் மண்டபம்னு ஏகப்பட்டது இருக்கு, ஆனா அந்த ஊர்ல தினமும் யாராவது ஒருத்தருக்கு அறுபது, இன்னொருத்தருக்கு எண்பது, விடியக்காலம் நாதஸ்வரம் ஆரம்பிச்சா நிக்காது, அம்மாவுக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டா மூணு நாள் தலைவலி. அதனால பத்து கிலோமீட்டர் கூட இல்லாத தரங்கம்பாடில, நீம்ரானாங்கற ஹோட்டல் கம்பெனி நடத்துற பங்களா ஆன் த பீச்ல ரெண்டு ராத்திரி ரூம் போட்டேன். வீட்ல யார்கிட்டயும் ரேட் சொல்லல. இப்ப வரைக்கும் சொல்லல, தம்பி இத படிச்சா வாய மூடிக்கிட்டு இருக்கவும்.

முதல்லயே சொல்லிடறேன், இது ரிசார்ட் இல்ல. நீம்ரானாக்காரங்களே அவங்க இடத்தையெல்லாம் ஹோட்டல் இல்லாத ஹோட்டல்னு தான் சொல்லிக்கிறாங்க, ராஜஸ்தான்ல 1464ல கட்டின ஒரு கோட்டைய எடுத்து சரி பண்ணதுல ஆரம்பிச்சவங்க, அதே பாணில இங்க டேனிஷ் காலத்து பங்களா ஒண்ண எடுத்து பழுது பாத்து நடத்துறாங்க. ரூம் ரொம்ப கம்மி, மாடி ஒண்ணு, சுத்தி அகலமான வராந்தா, எதிர்ல கடல், ஒரு பக்கம் டென்மார்க்காரங்க கட்டின டான்ஸ்போர்க் கோட்டை இன்னொரு பக்கம் மாசிலாமணி நாதர் கோயில். அவ்ளோதான். இதுக்கு மேல என்ன இருக்குன்னு கேக்குறவங்க வேற இடம் பாக்கலாம், வராந்தால உக்காந்து பொழுத போக்கத் தெரிஞ்சவங்களுக்கான இடம் இது.

புக்கிங்ல ஒரு சின்ன கூத்து. ஒரு ஆப்ல போட்டேன், பேர் வேண்டாம், அம்மாவுக்கு முட்டி வலி கீழ் ரூம் தான் வேணும்னு ரெண்டு தடவை டைப் பண்ணி அனுப்பினேன், கன்ஃபர்மேஷன்ல அது எதுவும் இல்ல, கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு உங்க ரெக்வெஸ்ட் நோட் பண்ணிட்டோம் மேடம்னு மூணு நாளா அதையே சொல்லிட்டு இருந்துச்சு. கடைசில நேரா ஹோட்டலுக்கே போன் போட்டேன், ஒரு நிமிஷத்துல மாத்திக் குடுத்துட்டாங்க. இந்த மாதிரி சின்ன இடத்துக்கெல்லாம் ஆப்ப நம்பாதீங்க, போன் பண்ணிடுங்க.

இப்ப ஹோட்டல் கதைக்கு வரேன், அதுக்கு அப்பாவ பத்தி கொஞ்சம் சொல்லணும். அப்பா ரெவின்யூல ஜூனியர் அசிஸ்டன்ட்டா சேர்ந்து துணை தாசில்தாரா ரிட்டயர்ட் ஆனவர். கார்ல வரப்ப நான் சும்மா பேச்சுவாக்குல இது பழைய கலெக்டர் பங்களாப்பான்னு சொல்லிட்டேன். மனுஷன் அப்படியே நிமிந்து உக்காந்தாரு. "எந்த ஜில்லா கலெக்டர்?" தஞ்சாவூர் ஜில்லான்னேன். "தஞ்சாவூர் கலெக்டர் தஞ்சாவூர்ல இல்லாம இந்த கடற்கரைல என்ன பண்ணான்?" அங்க ஆரம்பிச்சுது, ரெண்டு நாளும் இதே பேச்சு தான்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. டென்மார்க்காரங்க 1845ல இந்த ஊர இங்கிலீஷ்காரங்களுக்கு வித்தாங்க. தரங்கம்பாடி, வங்காளத்துல இருந்த செராம்பூர் எல்லாம் சேத்து 12.5 லட்சம் ரூபாய்க்கு. வாங்கின கையோட தஞ்சாவூர் ஜில்லாவுக்கே தலைமையிடமா தரங்கம்பாடிய வெச்சுக்கிட்டாங்க, 1860 வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு. கடல்காத்து, ஏற்கனவே கட்டி வெச்ச பெரிய வீடுங்க, நேரா நேரா தெரு, தஞ்சாவூர் வெயில்ல வேகறதுக்கு இது மேலன்னு நெனச்சிருப்பாங்க போல. அந்த காலத்துல கலெக்டர் இருந்த வீடு தான் இப்ப நாம தங்குற இந்த ஹோட்டல். அப்பா இத கேட்டுட்டு சொன்ன ஒரே வார்த்தை, "அப்ப கிரயம் முடிஞ்சு பட்டா மாறியிருக்கு." ஒரு ஊரோட 225 வருஷ டேனிஷ் ஆட்சி முடிஞ்சத இவ்ளோ சுருக்கமா வேற யாரும் சொல்லி நான் கேக்கல.

சரி, கிரயம்னா மூலப்பத்திரம் இருக்கணுமே. அதுவும் இருக்கு. 1620 நவம்பர்ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியனுக்கும் ஒப்பந்தம் ஆச்சு, ராஜா வரல, அவருக்காக வந்தது ஓவ ஜெட்டன்னு ஒரு அட்மிரல், வயசு இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு வயசுல நான் டூ வீலர் லோனுக்கு அலைஞ்சிட்டு இருந்தேன். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு தங்கத் தகட்டுல எழுதின கடிதம் இன்னிக்கும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. வருஷா வருஷம் நாயக்கருக்கு பணம் கட்டிட்டு தான் இவங்க இங்க உக்காந்திருந்தாங்க. அதாவது சொந்தம் இல்ல, குத்தகை. அப்பாவுக்கு இது ரொம்ப பிடிச்சு போச்சு.

ஊர் அவங்களோட பொறந்ததும் இல்ல. மாசிலாமணி நாதர் கோயில் 1306ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துது, அங்க இருக்குற கல்வெட்டுல ஊர் பேரு சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம்னு இருக்கு. அலை பாடுற ஊர் அதான் தரங்கம்பாடின்னு எல்லாரும் சொல்றது அழகா இருக்கு, ஆனா முதல் பேரு சடங்கன்பாடி தான். கோயிலோட முன்பக்கத்த கடல் எப்பவோ எடுத்துட்டு போயிடுச்சு. இப்ப பாறாங்கல்ல கொட்டி அலைய தடுத்து வெச்சிருக்காங்க. ஹோட்டல் வராந்தால நின்னா அந்த கல்லுல அலை மோதுற சத்தம் ராத்திரி பூரா கேக்கும். முதல் நாள் அம்மா இதென்ன இரைச்சல்னாங்க, ரெண்டாவது நாள் அது இல்லாம தூக்கம் வருமான்னு தெரியலைன்னாங்க.

ரூமுக்கெல்லாம் நம்பர் இல்ல, அந்த காலத்துல இங்க வந்து போன டேனிஷ் கப்பலுங்க பேரு. முதல்ல இது கொஞ்சம் ஓவரா பட்டுச்சு எனக்கு, ஏதோ தீம் பார்க் மாதிரி. அப்புறம் அந்த கப்பலுங்க கதை தெரிஞ்சப்ப தான் சரியான பேரு தான் வெச்சிருக்காங்கன்னு தோணுச்சு, ஏன்னா இந்த ஊரோட கதையே கப்பல் வந்துச்சா வரலையாங்கறது தான். 1640கள்ல கடைசியா வந்த கப்பலுக்கு அப்புறம் கால் நூற்றாண்டுக்கு மேல டென்மார்க்ல இருந்து ஒரு கப்பலும் வரல. அங்க சண்டை, கடன், இங்க வியாபாரம் பண்ணிட்டு இருந்த டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிய 1650ல கலைச்சே விட்டுட்டாங்க. இங்க இருந்தவங்களுக்கு யாரும் தகவல் கூட அனுப்பல. ஒருத்தர் ஒருத்தரா செத்துப்போய் 1655ல எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கன்னு ஒரே ஒரு டேனிஷ்காரன் மிச்சம். பெரிய குடும்பம் எல்லாம் இல்ல, பீரங்கி சுடுற சாதாரண ஆளு, எழுதப் படிக்கத் தெரியாது. அவன் தான் உள்ளூர் ஆளுங்கள வெச்சு, வங்காளக் கப்பல்கள கடல்ல மடக்கி கொள்ளையடிச்ச பணத்துல சம்பளம் குடுத்து, ஊர சுத்தி மதில் கட்டி, 1669 வரைக்கும் கோட்டைய விடாம புடிச்சிட்டு இருந்தான். அந்த வருஷம் மே மாசம் ஃபேரோன்னு ஒரு கப்பல் வந்து நின்னப்ப கோட்டை மேல டென்மார்க் கொடி பறந்துட்டு இருந்துச்சு. வந்தவங்க அவனையே கவர்னர்னு உறுதி பண்ணிட்டாங்க.

இந்த கதைய ராத்திரி வராந்தால சொன்னேன். கரண்ட் இருந்தும் லைட்ட அணைச்சுட்டு உக்காந்திருந்தோம், தூரத்துல மீன்பிடி படகு லைட்டு நாலஞ்சு. அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "பதினாலு வருஷம் இன்சார்ஜ்ல இருந்திருக்கான். ரெகுலரைஸ் ஆக பதினாலு வருஷம்." அவ்ளோதான் சொன்னாரு. அப்பா துணை தாசில்தார் ப்ரமோஷனுக்கு எத்தன வருஷம் காத்திருந்தாருன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் சிரிக்கல.

இன்னொண்ணு கவனிச்சேன். முதல் நாள் சாயங்காலம் வராந்தால வரிசையா நாற்காலி காலியா கிடக்கு, அப்பா தூண்ல சாஞ்சு நிக்கிறாரு. உக்காருங்கப்பான்னா பரவால்லம்மா நிக்கிறேன்னாரு. அம்மா தான் போட்டு உடைச்சாங்க, "முப்பது வருஷம் கலெக்டர் பங்களா வராந்தால ஃபைலோட நின்னு பழக்கம், உக்காருன்னா எப்படி உக்காருவாரு." டவாலி போட்ட டபேதார் வந்து கூப்பிடுற வரைக்கும் வெளிய நிக்கணும், ஜமாபந்தி, அதாவது வருஷாந்தர கிராமக் கணக்கு தணிக்கை, அந்த சமயத்துல மணிக்கணக்கா நிக்கணும், இதெல்லாம் அவர் சொல்லி நாங்க கேட்டது தான். என் பையன் போய் தாத்தா வாங்கன்னு கைய புடிச்சு இழுத்து உக்கார வெச்சான். உக்காந்து ஒரு அஞ்சு நிமிஷம் நாற்காலி நுனிலயே இருந்தாரு. அப்புறம் காப்பி வந்துச்சு, கொண்டு வந்த தம்பி ரொம்ப இயல்பா ஐயா சக்கரை போதுமான்னு கேட்டுச்சு, அதுக்கப்புறம் தான் முதுக சாச்சாரு. சர்வீஸ் பத்தி நான் சொல்ல வேண்டியது இதுலயே இருக்கு. அலட்டல் இல்ல, பின்னாடியே சுத்துறதும் இல்ல, கூப்பிட்டா வராங்க.

சாப்பாடு பத்தி என்னால முழுசா சொல்ல முடியாது, கல்யாணம் முடியற வரைக்கும் சைவம் தான்னு அம்மா ஆர்டர். இட்லி, பொங்கல் நல்லாருந்துச்சு. ரெண்டாவது நாள் ராத்திரி என் தம்பி மட்டும் மீன் வாங்கினான், முள்ளு கூட மிச்சம் வெக்கல.

நடந்தே ஊர பாத்துடலாம், காரெல்லாம் வேண்டாம். உள்ள நுழையற இடத்துல வெள்ளையா ஒரு வாசல் நிக்குது, 1792ல பீட்டர் ஆங்கர்னு ஒரு கவர்னர் திருப்பிக் கட்டினது, டேனிஷ் ராஜா முத்திரை மேலயே இருக்கு. அந்தாள் நார்வேக்காரர், நல்லா படம் வரைவாரு, இங்க அவர் வரைஞ்சதெல்லாம் இப்ப ஆஸ்லோ மியூசியத்துல இருக்கு. வாசல் தாண்டினா கிங்ஸ் தெரு, நேரா கடலுக்கு போகும். வழில ரெண்டு சர்ச், 1701ல டேனிஷ்காரங்க அவங்களுக்குன்னு கட்டின சீயோன் சர்ச், 1718ல ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் நம்மாளுங்களுக்காக கட்டின புதிய எருசலேம் சர்ச். சீகன்பால்க் கதை பள்ளிக்கூட புத்தகத்துல ஒரு வரி வரும், தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்சவருன்னு. 1706 ஜூலை 9 இங்க வந்து எறங்கினாரு, திண்ணைப் பள்ளிக்கூடத்து புள்ளைங்களோட உக்காந்து தமிழ் எழுத்து கத்துக்கிட்டாரு, ரெண்டே வருஷத்துல டேனிஷ் கவர்னரோட முட்டிக்கிட்டு நாலு மாசம் டான்ஸ்போர்க்லயே ஜெயில்ல இருந்தாரு, வெளிய வந்து ப்ரஸ் போட்டாரு. காகிதம் கிடைக்கலைன்னு பக்கத்து ஊர் பொறையார்ல காகிதப் பட்டறையே ஆரம்பிச்சாங்க. 36 வயசுல போயிட்டாரு, அந்த சர்ச்லயே தான் புதைச்சிருக்காங்க.

ஒரு விஷயம் சொல்லணும், இந்த ஊருக்கு வர டூரிஸ்ட் எல்லாரும் டேனிஷ் காலம் டேனிஷ் காலம்னு மஞ்ச சுவரு முன்னாடி போட்டோ எடுத்துட்டு உருகுறாங்க. அந்த மஞ்ச சுவருக்குள்ள அடிமைங்களும் இருந்தாங்க. சீகன்பால்க் 1707ல முதல் முதலா ஞானஸ்நானம் குடுத்த அஞ்சு பேரும் டேனிஷ்காரங்க வீட்ல அடிமையா இருந்தவங்க. இத தெரிஞ்சுக்கிட்டு அந்த தெருல நடந்தா வேற மாதிரி தான் இருக்கு. போட்டோ எடுக்க வேண்டாம்னு சொல்லல, நானும் எடுத்தேன்.

கோட்டைக்கு காலைலயே போயிடுங்க. ஹோட்டல்ல இருந்து நடக்குற தூரம். கீழ கிடங்கு, ஜெயில், மேல கவர்னர் தங்கின ரூம், இப்ப தொல்லியல் துறை மியூசியம். இதுல ஹோட்டல் சம்பந்தமா ஒரு வேடிக்கை, சுதந்திரத்துக்கு அப்புறம் 1978 வரைக்கும் இந்த கோட்டையே ட்ராவலர்ஸ் பங்களாவா இருந்திருக்கு, டூர் வர ஆபீசருங்க இங்க தான் தங்குவாங்க. அதாவது கோட்டை பங்களாவா இருந்துச்சு, இப்ப பங்களா ஹோட்டலா இருக்கு. அப்பா செக்ஷன்ல அந்த காலத்துல சீனியரா இருந்த ஒருத்தர் ஒரு கேம்ப்ல இங்க தங்கி ராத்திரி பேய் சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லுவாராம். அலை சத்தமா இருக்கும்னு அப்பா அப்பவே சொன்னாராம், அவர் ஒத்துக்கலையாம்.

அப்ப இவ்ளோ பெரிய ஊர் ஏன் இப்படி அமைதியாச்சு? அடிமேல அடி. கலெக்டர் ஆபீஸ் 1860ல கிளம்பிடுச்சு. அடுத்த வருஷம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துச்சு, சரக்கெல்லாம் அந்த துறைமுகத்துக்கு போயிடுச்சு, தரங்கம்பாடி வியாபாரம் அத்தோட படுத்துச்சு. 1926ல மயிலாடுதுறைல இருந்து இங்க வரைக்கும் மீட்டர் கேஜ் போட்டாங்க, அதையும் 1986ல நிறுத்திட்டாங்க. அந்த ரயில்ல வந்திருக்கேன்னு டீக்கடைல ஒரு பெரியவர் சொன்னாரு, வண்டி மெதுவா போறப்ப எறங்கி வெள்ளரிக்கா வாங்கிட்டு திருப்பி ஏறலாமாம். அப்புறம் 2004 டிசம்பர் 26. சுனாமில இந்த மீனவர் கிராமத்துல நிறைய உசுரு போச்சு. ஊர் எந்திரிச்சு வந்தப்ப வீடு கட்டுற வேலையோட பழைய வீடுங்கள சரி பண்ற வேலையும் சேந்து நடந்துச்சு, பழைய கட்டடங்கள பாதுகாக்குற இன்டாக் அமைப்பு வந்தாங்க, டென்மார்க்ல இருந்தும் ஆளுங்க வந்தாங்க. இன்னிக்கு தெரு இவ்ளோ சுத்தமா பழைய அழகோட தெரியுறதுக்கு பின்னாடி அதுவும் இருக்கு. கடற்கரைல வலை பின்னிட்டு இருக்குறவங்கள போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

வேலைக்கு ஆகாத விஷயத்தையும் சொல்றேன். கடல்ல குளிக்கலாம்னு கனவோட வராதீங்க, பாறாங்கல்லு இருக்கு, இழுப்பு அதிகம், கால் நனைக்கறதோட நிறுத்திக்கங்க. ராத்திரி எட்டரைக்கு மேல ஊர்ல எதுவும் இருக்காது, மருந்து மாத்திரை வாங்கணும்னா பொறையார் போகணும், அதனால கையோட எடுத்துட்டு வாங்க. ஐப்பசி கார்த்திகைல மழை, புயல் பயம் வேற, நாங்க மாசில போனோம், அருமையா இருந்துச்சு. சின்ன பசங்க வெச்சிருக்கவங்க யோசிச்சு போடுங்க, என் பையனுக்கு கோட்டையும் பீரங்கியும் ஒரு நாள் ஓடுச்சு, ரெண்டாவது நாள் மத்தியானம் போர் அடிக்குதும்மான்னு ஆரம்பிச்சுட்டான். பழைய கட்டடம், லிஃப்ட் எதிர்பார்க்காதீங்க, முட்டி வலி இருக்கவங்களுக்கு கீழ் ரூம் கேட்டு வாங்கிக்கங்க.

காசுக்கு வொர்த்தா? ரூம மட்டும் பாத்து கணக்கு போட்டா இதே காசுக்கு புதுசா பளபளன்னு எங்கயாவது கிடைக்கும். நான் அந்த வராந்தாவுக்கு தான் குடுத்தேன், எனக்கு முழுசா கிடைச்சுது. எங்கள மாதிரி திருக்கடையூர் விசேஷத்துக்கு வரவங்க பெரியவங்கள ஒரு ராத்திரியாவது இங்க கூட்டிட்டு வரலாம், காலைல கோயிலுக்கு போக கால் மணி நேரம் தான், நாங்க பட்டுப்புடவை கட்டிட்டு அஞ்சு மணிக்கு கிளம்பினோம், வாட்ச்மேன் அண்ணன் கேட்ட தொறந்துட்டு அப்பா அம்மாவ பாத்து நமஸ்காரம் பண்ணாரு.

கிளம்புற அன்னிக்கு விடியக்காலம் எந்திரிச்சு பாத்தா அப்பா ரூம்ல இல்ல. வராந்தால, அதே நாற்காலி, கால எதிர் ஸ்டூல் மேல தூக்கி வெச்சிட்டு, தோள்ல துண்டு, சூரியன் இன்னும் வரல. பையன் பக்கத்துல தூங்கி வழியறான். தாத்தாவும் பேரனும் எவ்ளோ நேரமா இருந்தாங்கன்னு தெரியல. நான் போய் நின்னத பாத்துட்டு, "உக்காரும்மா, ஏன் நிக்கிற"ன்னாரு.

அப்புறம் ஒண்ணு, கண்ணாடி போடுறவங்க துடைக்க நல்ல துணியா எடுத்துட்டு போங்க. உப்புக்காத்துல அரை மணிக்கு ஒரு தடவை மங்கிடுது, அப்பா ரெண்டு நாளும் வேஷ்டி நுனில துடைச்சு துடைச்சு லென்ஸ் பூரா கோடு.